கன்னிகாவுக்கு ஒரே உயிர்

சந்தியாவுக்கும் ஹரிபாபுவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருவரும் நிம்மதியாக உட்கார்ந்து பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வாரம்கூடத் தேறாது. சண்டை கிண்டை எதுவும் இல்லை. எல்லாம் ஷிப்ட் செய்த வேலை. ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அவளுக்கு ஒரு கம்பெனி, அவனுக்கு வேறொரு கம்பெனி. அவள் காலை ஷிப்டுக்குப் போகிற வாரம் அவனுக்கு மதியம். அவள் மதியத்துக்கு மாறினால் அவன் காலைக்கு மாறிவிடுவான். வரதய்யபாளையத்து வாடகை வீட்டில் ஒருவர் உள்ளே நுழையும்போது இன்னொருவர் பஸ் ஏறியிருப்பார், இல்லாவிட்டால் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அதையும் சூளூர்பேட்டை மாமியார் வீடும் திருப்பதி அம்மா வீடும் பங்கு போட்டுக்கொள்ளும்.

"இன்னாங்க, சோறு மூடி வெச்சிருக்கேன்" என்பாள் அவள். "சரி" என்பான் அவன். எட்டு மாதக் குடித்தனத்தின் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்போதுதான் 'எல்ட்மார்' வெளிவந்தது.

சந்தியா அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே காத்திருந்தாள். மலை, துறைமுகம், சந்தை, காடு என்று ஒரு முழு நாடே அதற்குள் இருக்கிறது. எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். நம் ஆளை நாமே மூக்கு முழி வைத்து உருவாக்கலாம் என்று விளம்பரத்தில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. புருஷனிடம் சொல்ல வெட்கம். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், ஹரிபாபுவின் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் பாதி இறங்கிய நிலையில் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த மனுஷனும் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தானா!

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊருக்கும் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வாங்கி வந்த பிரியாணி ஆறிப்போயிற்று. பெண்தான் வேண்டும் என்றாள் சந்தியா. கன்னிகா என்று பெயரும் அவளே வைத்தாள். முகம் மட்டும் ஹரிபாபுவின் பொறுப்பு. தாடையை இழுத்தான், புருவத்தைத் திருத்தினான், கடைசியில் இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் வைத்தான். சந்தியாவின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. அவளுக்கும் அதே இடத்தில் மச்சம் உண்டு. இதை எப்போது பார்த்தான் என்று யோசித்து அவள் முகம் சூடாகிவிட்டது.

எத்தனை உயிர் என்று கேட்டது விளையாட்டு. "ஒண்ணே ஒண்ணு வெச்சிக்கலாமா? அப்பதான் த்ரில்லு" என்றான் அவன். சரி என்று தலையாட்டினாள். கன்னிகா செத்தால் செத்ததுதான். அவளுடைய குதிரை, வாள், சேர்த்துவைத்த திறமை எல்லாம் ஒரேயடியாக அழிந்துபோகும்.

அப்புறம் ஷிப்ட் தொடங்கியது. வீட்டில் இருப்பவர் விளையாடுவது, தன் முறையில் கிடைத்த புள்ளியைத் தனக்குப் பிடித்த திறமையில் போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம். ஹரிபாபு எல்லாவற்றையும் வாளில் கொட்டினான். சந்தியா பேச்சுக்கும் மாறுவேடத்துக்கும் போட்டாள். அவள் திருப்பதியில் பிறந்து வளர்ந்தவள். கங்கம்மா ஜாத்திரையில் ஊரே வேஷம் கட்டும். பெண்களைக் கெடுத்த பாளையக்காரன் பயந்து ஒளிந்துகொள்ள, அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டு அவனைத் தேடிப் பிடித்தாள் என்ற கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு, மாறுவேடம் என்ற சொல்லைத் திரையில் பார்த்ததும் கை சும்மா இருக்குமா?

ஆக, கன்னிகா பாதி சண்டைக்காரியாகவும் பாதி வாயாடியாகவும் வளர்ந்தாள். இப்படி அரைக்கு அரையாக வளர்த்தால் விளையாட்டின் பெரிய வில்லனான கோட்டைப் பிரபு கோர்வனை ஜெயிக்கவே முடியாது என்று இணையத்தில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். சிப்பாய்க் கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் அவனை முடிக்க முழு வாள் வேண்டும், இல்லை முழு மந்திரம் வேண்டும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருவரும் அவரவர் பக்கத்தை வளர்த்தார்கள்.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது லைனை ஒப்படைக்க ஒரு முறை இருக்கிறது. எந்த மெஷின் தகராறு செய்கிறது, எதைத் தொடக்கூடாது என்று போகிறவர் சொல்ல வேண்டும். வருகிறவர் வாய் திறந்து "எடுத்துக்கினேன்" என்று சொன்னால்தான் போகிறவர் நகரலாம். கன்னிகாவையும் அப்படித்தான் ஒப்படைத்தார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக. முதலில் "குதிரைக்குத் தீனி வெச்சிட்டேன்" என்ற அளவில்தான் இருந்தது. போகப் போக நீண்டது. "ஆத்தங்கரையாண்ட ஒரு கரடி தொரத்திச்சி சந்தியா, நான் மரத்துல ஏறிக்கினு அய்யோ அம்மான்னு கத்தறேன்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்ல, கம்பெனி பஸ்ஸில் அவள் தனியாகச் சிரிப்பாள். பக்கத்து சீட் ரோஹிணி ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

சந்தியா காலை ஷிப்டில் இருந்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று நடந்தது. சமையல்காரியின் துணியைத் திருடி உடுத்திக்கொண்டு, காவலாளியிடம் நாக்கு நீளப் பேசி, கன்னிகா கோர்வனின் கோட்டைக்குள் நுழைந்துவிட்டாள். சந்தியாவுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அடுப்படி மூலையில் துடைப்பமும் கையுமாக அவளை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அறைக்குள் இரண்டு சுற்று ஆடினாள். ஆடிய களைப்பில் அப்படியே படுத்துத் தூங்கியும் போனாள்.

ராத்திரியே பதிவு அனுப்பி, அவன் பதில் வந்ததைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவதுதான் அவள் வழக்கம். இந்தத் தடவை மறுநாள் விடிகாலை பஸ்ஸில் உட்கார்ந்துதான் நினைப்பே வந்தது. "இன்னாங்க, கோட்டைக்குள்ள கீறா. கத்திய மட்டும் உருவாதீங்க. உருவினா வேஷம் கலைஞ்சிடும்" என்று அவசரமாகச் சொல்லி அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. கேட்டில் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஷிப்ட் முடிந்து போனை எடுத்தால், பதிவு அனுப்பப்படாமல் அப்படியே நின்றது. பஸ் போன வழியில் சிக்னல் இல்லை. தினமும் தவறாமல் வரும் ஹரிபாபுவின் பதிவும் அன்று இல்லை. சந்தியா தலையில் அடித்துக்கொண்டாள். லைனில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கெல்லாம் ஒப்படைக்கும் முறையைப் பாடம் எடுக்கிறவள் அவள்தான். பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் ஹரிபாபுவின் செருப்பு கிடந்தது. இந்நேரம் அவன் வேலையில் இருக்க வேண்டும்.

"ஷிப்டுக்குப் போவலையா?" என்றாள் உள்ளே ஓடி.

"போவல. உக்காரு." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்துட்டாளா?"

"சாவல. மாட்டிக்கினா." திரையில் கன்னிகா ஒரு தானியக் கிடங்கின் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி அசையாமல் நின்றாள். விளையாட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. "தொறந்து பாத்தா அடுப்படில தொடப்பத்தோட நிக்கிறா. ஒரு சிப்பாய் வந்து யார்டி நீன்னான். எனக்கு இன்னா தெரியும்? கத்திய உருவிட்டேன். கோட்டையே தொரத்திக்கினு வந்துடுச்சி."

"அய்யோ, நான் சொல்லாம போயிட்டேனே. தப்பு என்னுதுதாங்க."

"யார்துன்னு அப்பால பாத்துக்கலாம். நான் வெட்டினா ரெண்டு பேர வெட்டுவேன். மூணாவது ஆளு இவள முடிச்சிடுவான். பேச்சு உன்னுதாச்சே. அதான் கை வெக்காம உனுக்காகக் காத்துக்கினு கீறேன்."

அவனுடைய போன் அடித்தது. சூப்பர்வைசர். ஹரிபாபு திருதிருவென்று முழித்தான். சந்தியா போனைப் பிடுங்கினாள். "ஆயனகி ஒண்ட்லோ பாகலேது சார். ஈ ரோஜு ராலேரு" என்று, உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வர முடியாத கணவனுக்காக உருகும் மனைவியின் குரலில் தெலுங்கில் சொல்லி வைத்தாள். ஹரிபாபு அவளை வாய் பிளந்து பார்த்தான்.

"இன்னா பாக்கறீங்க? வுடுங்க அவள மேல."

கிடங்கின் ஏணியில் கன்னிகா ஏறினாள். மேலே ஒரு சின்ன ஜன்னல். கீழே முற்றம் முழுக்க சிப்பாய்கள், எதிரே மாடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் கோர்வனின் நிழல். திரையில் மூன்று வழிகள் வந்தன: சரணடை, கெஞ்சு, திட்டு.

"கெஞ்சிடு சந்தியா. உயிராவது மிஞ்சும்."

சந்தியா யோசித்தாள். ஜாத்திரையில் அவள் தாய்மாமன் உடம்பெல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு தெருத் தெருவாகக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு போவார். மற்ற நாளில் அதிர்ந்து பேசாத மனுஷர். ஏன் மாமா இப்படி என்று சின்ன வயதில் கேட்டதற்கு, ஒளிந்திருக்கிற பாளையக்காரனுக்கு ரோஷம் வந்து வெளியே வர வேண்டாமா என்றார். அன்றைக்குத் திட்டுவதுதான் பூஜை.

அவள் 'திட்டு' என்பதை அழுத்தினாள்.

"அடிப்பாவி!" என்றான் ஹரிபாபு.

பேச்சில் அவள் போட்டுவைத்த புள்ளிகளெல்லாம் அப்போது வேலை செய்தன. ஒரு வசவு முடிய இன்னொன்று திறந்தது. கன்னிகா இங்கிலீஷில் நாகரிகமாகத் திட்டினாள். அந்த நாகரிகம் சந்தியாவுக்குப் போதவில்லை. "டேய்! ஊரு சோத்தத் துன்னுட்டு உள்ள பூந்துக்கினு கீறியே, வெளிய வாடா! மூஞ்சப் பாரு, வேகாத பணியாரம்! இத்தன பேரு பின்னாடி நிக்கிறவனுக்கு எதுக்குடா கிரீடம்?" என்று கூடவே கத்தினாள். முற்றத்தில் சிப்பாய்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாடத்தில் திரைச்சீலை கிழிந்தது. அத்தனை பேரும் விலகுங்கள், இவளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கர்ஜித்துக்கொண்டு கோர்வன் தன்னந்தனியாக முற்றத்தில் இறங்கினான்.

"வந்துட்டான்! இந்தாங்க, புடிங்க, புடிங்க!" மவுஸை அவன் கையில் திணித்தாள். கன்னிகா ஜன்னலிலிருந்து முற்றத்தில் குதித்தாள்.

அதன் பிறகு நடந்ததை இருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. வாள் அவன் கையில், வசவுப் பொத்தான் அவள் விரலில். அவள் திட்டும்போதெல்லாம் கோர்வன் ஆத்திரத்தில் ஒரு வீச்சைத் தவறவிட்டான். அந்த இடைவெளியில் ஹரிபாபு வெட்டினான். கோர்வனும் லேசுப்பட்டவன் இல்லை. கன்னிகாவின் உயிர்க்கோடு தேய்ந்து தேய்ந்து நூலாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு அடி பட்டால் மச்சத்தோடு சேர்த்து எல்லாம் போய்விடும். சந்தியா எழுந்து நின்றுவிட்டாள்.

"யோவ்! பின்னாடி! குனியா! குனிஞ்சிட்டு வெட்டுயா யோவ்!"

ஹரிபாபு குனிந்தான். தலைக்கு மேல் கோர்வனின் கோடரி வெறுங்காற்றில் போனது. எழும் வேகத்தில் அவன் வெட்டிய வெட்டு, அத்தனை நாளாக வாளில் கொட்டிய புள்ளி முழுவதும் சேர்ந்த வெட்டு. கோர்வன் மரம் சாய்ந்ததுபோல் சாய்ந்தான்.

இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மணியம்மா ஓடிவந்துவிட்டாள். கையில் கரண்டி. "இன்னாடி இது? அப்பலேருந்து கேக்கறேன், டேய்ங்கற, வெளிய வாடாங்கற, பணியாரங்கற. கட்னவன இப்டியா திட்டுவாங்க?"

சந்தியாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஹரிபாபுதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னிய இல்லக்கா, அது வேற ஒர்த்தன்" என்றான். அதைக் கேட்டு மணியம்மாவின் கண் இன்னும் பெரிதானது. திரையில் செத்துக் கிடப்பவனைக் காட்டி, நடந்ததை முழுதாக விளக்கி அவளை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கதவு சாத்தியதும் வீடு அமைதியானது. கன்னிகா முற்றத்தில் நின்றபடி மூச்சு வாங்கினாள்.  சந்தியாவுக்குத் தான் என்னென்ன கத்தினோம் என்பது இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கோர்வனைத் திட்டியது போகட்டும், கட்டினவனை அல்லவா யோவ் என்று கூப்பிட்டிருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னாங்க..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"இவ்ளோ வாய எட்டு மாசமா எங்க வெச்சிருந்தே நீ?"

"கேக்கறதுக்கு நீங்க எங்க வூட்ல இருந்தீங்க?"

 ஹரிபாபு அவள் காதுக்குக் கீழே இருந்த மச்சத்தைப் பார்த்தான். பிறகு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு, லைனை ஒப்படைக்கிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கன்னிகா உசுரோட கீறா. குதிரை கோட்டைக்கு வெளிய நிக்குது, அதுக்கு இன்னும் தீனி வெக்கல. அப்பால இன்னொண்ணு. இந்த இன்னாங்க, போங்க, வாங்கல்லாம் இனிமே வாணாம். யோவ்னே கூப்புடு. ஒப்படைச்சிட்டேன்."

சந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. முறை என்றால் முறைதான். வாய் திறந்து சொன்னாள்.

"எடுத்துக்கினேன்யா."