உள்மரத்தில் ஒரு தேதி

ஹில்மார் கோன்லைன் அந்தத் துப்பாக்கியைப் பழைய ராணுவக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து பட்டறை மேசையில் போட்டான். வைக்கவில்லை, போட்டான். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் போலீஸ் லெப்டினன்டாக இதே பட்டறைக்குள் நுழைந்து, கெர்டாவின் அண்ணன் சீக்மாருக்கு விலங்கு மாட்டி இழுத்துப் போனவன் அவன். இப்போது அவன் சேவகம் செய்த கிழக்கு ஜெர்மனி அரசாங்கமே கவிழ்ந்துவிட்டது. ஜெர்மனி ஒன்றாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு மிஞ்சியது தொப்பையும் ஓய்வூதியமும். வெட்கம் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

"மேற்கேருந்து ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு சொல்றார்ம்மா. யார் செஞ்சது, எந்த வருஷம்னு கண்டுபிடிச்சு, புதுசு மாதிரி ஆக்கிக் குடு."

"இது எங்கேருந்து வந்தது?"

"தெரியாத மாதிரி கேக்குறியே! உங்கண்ணன் காட்டுல புதைச்சு வச்சிருந்தானே, அதேதான். எங்க கிடங்குல கெடந்துச்சு. ஆட்சி போனப்ப ஆளுக்கு ஒண்ணா அள்ளிட்டுப் போனாங்க. என் பங்குக்கு இது."

"இதை என்கிட்டயே கொண்டுவர உங்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்?"

"துப்பாக்கிக்குப் பேர்போன இந்த சூல் ஊர்ல ரிப்பேர் பண்ண ஆளா இல்ல? ஒரு காரணமாத்தான் உன்கிட்ட வந்தேன்." கோன்லைன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "நிதானமா கழட்டிப் பாரு. உங்கப்பாகிட்டயும் காட்டு. கெழவர் சந்தோஷப்படுவார்."

சுத்தியலை எடுத்து அவன் மண்டையில் போடலாம் என்றுதான் கெர்டாவுக்குத் தோன்றியது. ஆனால் அவனைத் துரத்தினால் துப்பாக்கியும் கூடவே போய்விடும். அண்ணனின் உயிரைக் குடித்த பொருள் அது. கையில் கிடைத்ததைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. ரசீது எழுதிக் கொடுத்தாள்.

போர் முடிந்த வருஷம், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன் சுட்டுக்கொல்லப்படுவான் என்று தெருவெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஊரே பயந்து கொண்டுபோய்க் குவித்தது. அப்போது சீக்மாருக்குப் பதினேழு வயது. ஓடிப்போன ஒரு வன அதிகாரியின் வண்டியிலிருந்து இதை எடுத்து, துண்டு துண்டாகக் கழற்றி, கொழுப்புப் பூசி, அடுப்புக் குழாய்க்குள் அடைத்து ஊசியிலைக் காட்டில் புதைத்தான். பதின்மூன்று வருஷம் கழித்து யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ஐந்து வருஷ தண்டனை கிடைத்தது. மூன்றாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, பெட்டியில் வீடு திரும்பினான்.

காட்டிக்கொடுத்தது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. புதைத்த இடம் தெரிந்த ஒரே வெளி ஆள் ஆர்னோ. சீக்மாரின் சிநேகிதன், கெர்டாவுக்கு நிச்சயமானவன். அப்பா ஆஸ்கர் ஆம்தோர்தான் மதுக்கடையில் மேசையைக் குத்தி முதலில் அவன் பேரைச் சொன்னார். மறுநாள் அதே கடையில், நிறைந்த கூட்டத்துக்கு நடுவில், கெர்டா மோதிரத்தைக் கழற்றி ஆர்னோவின் பீர் கோப்பைக்குள் போட்டாள். ஆர்னோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. செய்தவன் எப்படிப் பேசுவான் என்றது ஊர். தொழிற்சாலையில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. அவன் காட்டுக்கு மரம் வெட்டப் போனான். பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியே வாழ்ந்தான். ரொட்டிக் கடை வரிசையில் அவனைப் பார்த்தால் கெர்டா வரிசையை விட்டு வெளியே வந்துவிடுவாள். அவள் அப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவையும் பட்டறையையும்தான் கட்டிக்கொண்டு அழுதாள்.

துப்பாக்கியை மடித்துத் திறந்தாள். ஒற்றைக் குழல், மலை ஆடு வேட்டைக்குச் செய்வார்களே, அந்த மாதிரி எடை குறைந்தது. குழலின் மேலே கடையின் பேர் இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். பேர் போனால் என்ன, அடிப்பக்கம் பொய் சொல்லாது. குழலைப் பிரித்துத் திருப்பினாள். மரம் மூடும் இடத்தில், துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துச் சான்று தரும் சோதனைச் சாலையின் முத்திரைகள், கிரீடம் வைத்த எழுத்துகள். பக்கத்தில் 5, 28. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு மே. கண்ணாடியை நெருக்கிப் பிடித்தாள். குழலைப் பூட்டும் கொக்கியின் ஓரத்தில் எள்ளளவுக்கு இரண்டு எழுத்து: O.A.

ஆஸ்கர் ஆம்தோர். அவளுடைய அப்பா.

அந்தக் காலத்தில் அப்பா பெரிய கடைகளுக்குச் செய்துகொடுத்தவர். மேலே கடையின் பேர், அடியில் செய்தவனின் எழுத்து. சீக்மார் தன் உயிரைக் கொடுத்து மறைத்தது அப்பா கையால் செய்த துப்பாக்கியை! அது அவனுக்குத் தெரியவே தெரியாது. அப்பாவும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறார். கெர்டா அழுதாள். ஐம்பத்தாறு வயதில் தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கோன்லைன் சொன்ன காரணம் இதுதான் போலிருக்கிறது, அவனுக்குள்ளும் எங்கேயோ ஒரு பொட்டு ஈரம் இருக்கிறது என்று நினைத்தாள். ஏமாளி.

மூன்று வாரம் வேலை செய்தாள். ஈரத்துணி வைத்துச் சூட்டுக்கோலால் ஒற்றி வால்நட் மரத்தின் குழிகளை எழுப்பினாள். நிறம் பிடிப்பதற்காகக் குழலுக்குத் துருவேற்றி, கொதிநீரில் வேகவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி துருவேற்றினாள். ஒன்பது தடவை. பத்தாம் நாள் குழல் நாவல்பழக் கறுப்பில் நின்றது. விசைப்பகுதியில் மட்டும் துருவே இல்லை. மண்ணுக்குள் கிடந்த துப்பாக்கிக்கு இது எப்படி என்று ஒரு கணம் யோசித்தாள். அண்ணன் நன்றாகக் கொழுப்புப் பூசியிருக்கிறான் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

கடைசியாக விசைப்பகுதியை மரத்திலிருந்து பெயர்த்தாள். உள்ளே எண்ணெய் காணாத பச்சை மரம். அதில் பென்சில் எழுத்து. அவள் எதிர்பார்த்ததுதான். வேலை முடித்து மூடும் முன் உள்மரத்தில் எழுத்தும் தேதியும் போடுவது அப்பாவின் வழக்கம். தொழில் கற்ற காலத்தில் அதை மறந்ததற்காக அவளே அறை வாங்கியிருக்கிறாள். O.A., 4.5.28 என்றிருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி: O.A., 9.9.58.

சீக்மாரை இழுத்துப் போனது அதே வருஷம் செப்டம்பர் பன்னிரண்டு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். விளக்கை இறக்கிப் பார்த்தாள். அப்பாவின் ஒன்பது வால் சுருண்டிருக்கும். இதுவும் சுருண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு உருண்டை அவித்து, மாட்டிறைச்சிக் குழம்போடு அப்பாவின் முன்னால் வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் துப்பாக்கியின் அந்த மரக்கட்டையையும் வைத்தாள், பென்சில் எழுத்து மேலே தெரியும்படி. தொண்ணூற்றொரு வயதுக் கிழவருக்குக் கண் மங்கல்தான். ஆனால் விரல் வைத்ததுமே முகம் மாறிவிட்டது.

"கோன்லைன் கொண்டுவந்தானா? நாய். பல்லைக் காட்டியிருப்பானே."

"ஒன்பதாம் தேதி இது உங்க கையில எப்படிப்பா வந்துச்சு?"

"குழம்புல உப்புக் கொறையுது."

"அப்பா!"

"கத்தாதடி. செத்தா போயிட்டேன்? சீக்மார் குடிச்சுட்டு ஒளறிட்டான், துப்பாக்கி இருக்குன்னு. விஷயம் போலீசுக்குப் போயிடுச்சு. மூணு நாள்ல பொருள் வரணும், இல்லாட்டி பட்டறையைப் பூட்டி சீல் வச்சு லைசென்ஸைக் கிழிச்சுருவேன்னுட்டான் கோன்லைன். எடம் எனக்குத் தெரியும். அவன் போனப்ப ஒரு தரம் பின்னாடியே போய்ப் பார்த்திருக்கேன்."

"தோண்டி எடுத்து நீங்களே குடுத்தீங்களா?"

"குழாயைத் தொறந்தா என் துப்பாக்கி! என் கையால செஞ்சது, கொழுப்பு கெட்டு நாறிக் கெடக்கு. அப்படியே குடுக்க மனசு வரல. ராத்திரி பகல்னு பார்க்காம தொடச்சு, பூட்டி, சுத்தமாக் குடுத்தேன்."

மகனைக் கொடுப்பதற்கு வந்த மனசு, அழுக்குத் துப்பாக்கியைக் கொடுக்க மட்டும் வரவில்லை. தேதி வேறு போட்டு மூடியிருக்கிறார்.

"அவன் செத்துப்போனான்ப்பா."

"ஆறு மாசம் ஜெயில்னுதான் சொன்னாங்க. நான் என்ன ஜட்ஜா? அவன் எப்படியும் மேற்குக்கு ஓடப்போறவன். பட்டறையில நிக்கப்போறவ நீ. லைசென்ஸ் போயிருந்தா நீ ஏது, உன் தொழில் மாஸ்டர் பட்டம் ஏது? இந்த உருண்டை ஏது?" கரண்டியால் உருண்டையை இரண்டாகப் பிளந்தார். "உனக்காகத்தான் பண்ணேன். முப்பத்துநாலு வருசம் உக்காந்து தின்னுட்டு இப்ப மூஞ்சியைத் தூக்காத."

"ஆர்னோ?"

"ஊர்ல ஒருத்தன் தலையில விழணும்ல. என் தலையில விழுந்தா எவன் வேலை குடுப்பான்? நானே போய்ப் பேசினேன். உனக்காகன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டான். நல்ல பையன்தான்." மென்று விழுங்கினார். "கொஞ்சம் குழம்பு ஊத்து."

அவள் குழம்புப் பாத்திரத்தை எடுத்துக் கழிவுத்தொட்டியில் கவிழ்த்தாள். அவர் கைக்கு எட்டாத தூரத்தில் தட்டைத் தள்ளி வைத்தாள். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் கிழவர் மேசையைக் குத்துவது தெருமுனை வரை கேட்டது.

இரண்டு தெருவைக் கடக்க அவளுக்கு முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. வழியெல்லாம் ஒரே நினைப்பு. எனக்காகத் தாங்கியிருக்கிறான். நான் வரிசையை விட்டு விலகிய ஒவ்வொரு தடவையும், எனக்காக. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும். அந்த நினைப்புக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தது, அதை மறைப்பானேன். தன்னை ஒருவன் அவ்வளவு நேசித்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் இருக்காது?

கதவைத் திறந்தது ஆர்னோதான். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரலை மரம் வெட்டும் வாள் தின்றிருந்தது. உள்ளே காப்பி வாசனை. அவளைப் பார்த்ததும் அவன் முகம் கோணவில்லை. பழைய கூட்டாளியைப் பார்த்தது போல மெல்லச் சிரித்தான்.

"என்ன கெர்டா, கெழவர் போயிட்டாரா? இனிமே நடிக்க வேண்டாம்னு சொல்ல வந்தியா?"

"நடிக்கவா?"

"உங்கப்பா அன்னைக்கே சொன்னாரே. உனக்கு எல்லாம் தெரியும், ஊருக்காகத்தான் என்னை வெறுக்குற மாதிரி காட்டுவே, மனசுல வச்சுக்காதேன்னு. மோதிரத்தைக் கோப்பையில போட்டியே, என்னமா நடிக்கிறா இந்தப் பொண்ணுன்னு நெனச்சேன். காட்டுல தனியா கெடந்தப்ப எல்லாம், உலகத்துல ஒருத்திக்காவது உண்மை தெரியும்லன்னுதான் பொழுதை ஓட்டினேன்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், நடித்தேன் என்று ஒரு வார்த்தை போதும். அவன் மிச்ச நாளையும் அதை வைத்தே ஓட்டியிருப்பான். ஆனால் அப்பா போட்ட பொய்யைத் தன் வாயாலும் சொல்ல அவளால் முடியவில்லை.

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், ஆர்னோ."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரிப்பு முகத்திலேயே சற்று நேரம் தங்கியிருந்தது, பிறகு போய்விட்டது.

"அப்போ இத்தனை வருசமும்... நான்தான் செஞ்சேன்னு நீ நெஜமாவே நம்புனியா?"

"நம்பினேன்."

உள்ளேயிருந்து மனைவி, காப்பி ஆறுகிறது, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"யாருமில்ல," என்று சொல்லிவிட்டு ஆர்னோ கதவைச் சாத்தினான்.