தண்ணீர் கேட்ட செய்மதி

9.10.1979, செவ்வாய்

நேற்று மாலை ரேடியோ திருத்தும் வகுப்பில் ஒரு பிழை விட்டேன். ரேடியோ செற்றில் மோர்ஸ் தந்திக் குறிகளின் ஒலி கேட்டதும், "ஒஸ்கார் வந்திட்டுது!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். துறைமுகத்தில் சிக்னல் வேலை பார்க்கும் பேணாட் அண்ணன் இருந்த இடத்திலேயே காது கொடுத்துக் கேட்டார்.

"றஹ்மா, உங்கட செய்மதிக்குத் தண்ணி முடிஞ்சு போச்சாம். தண்ணி வள்ளம் அனுப்பட்டாம்."

அது நங்கூரமிட்டு நின்ற ஒரு கப்பல். அவ்வளவு கிட்ட நிற்பதால், முள்ளை எங்கே திருப்பினாலும் அதன் ஒலிதான்.

ஒஸ்கார் எட்டு, வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தாங்களே செய்து மேலே அனுப்பிய சின்னச் செய்மதி. தன் நிலைமையை மோர்ஸில் சொல்லிக்கொண்டே பூமியைச் சுற்றுகிறது. அதை இங்கிருந்தே கேட்கலாம் என்று வகுப்பில் சொன்னவள் நான். அதை நம்பி அபூதாஹிர் நானா, தன் கடைக்குத் திருத்த வந்த நல்ல செற்றை இரவல் தந்திருந்தார். நாளை அது மூதூரிலுள்ள சொந்தக்காரரிடம் போய்விடும். இன்று கேட்காவிட்டால் என் சொல் பொய்தான்.

பகல் முழுக்க யோசித்தேன். நிற்கிற கப்பலின் சுருதி மாறாது. ஓடுகிற செய்மதியின் சுருதி, கூவிக்கொண்டு கடந்து போகும் ரயிலைப்போல இறங்க வேண்டும். சரிதானா என்று திரும்பத் திரும்பப் புத்தகத்தைப் பார்த்தேன். சரிதான் போலிருந்தது.

மாலை வகுப்பில் நானா தொடங்கினார்: "இண்டைக்கு என்ன கேக்கும், அரிசியா?"

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கப்பலின் ஒலிக்கு அடியில் மெல்லியதாக இன்னொன்று வந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு முள்ளைத் தொடாமல் இருந்தேன். சுருதி இறங்கியது.

"அண்ணன், இஞ்ச வாங்கோ. இதை வாசியுங்கோ."

அவர் ஹெட்போனை மாட்டினார். "எச், ஐ... பிறகு வெறும் இலக்கங்கள். துறைமுகத்தில ஒருத்தரும் இப்பிடி அனுப்பமாட்டினம்." சட்டென்று எழும்பி நின்றார். "சுருதி இறங்குது! ஓம் றஹ்மா, இது ஓடுது!"

"எச், ஐ எண்டா என்ன?" என்றார் நானா.

"பொழுதுபோக்குக்காரர் மோர்ஸில சிரிக்கிறது அப்பிடித்தான், நானா" என்றேன்.

"எங்களைப் பாத்தா சிரிக்குது?" என்று அவர் ஹெட்போனைப் பறித்தார். அதன்பின் என் முறை வரவேயில்லை. செய்மதி மறையும்வரை ஆளாளுக்கு இழுபறி.

நாளை: பேணாட் அண்ணன் வாசிக்க வாசிக்க நான் கிறுக்கிய இலக்கங்களைத் துப்புரவாக எழுதி, அவரிடம் காட்டிப் பிழை பார்த்து, செய்மதியை அனுப்பிய சங்கத்துக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.