மூணு மணி இருபத்தொரு நிமிஷம்

என் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. மாதா கோவில் வாசலுக்கு எதிரே, கரண்டு கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். 'சென்னை அரை மாரத்தானில் பெண்கள் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்து நம் மாதா கோவில் பங்குக்குப் பெருமை சேர்த்த செவிலியர் மெர்சி அவர்களை வாழ்த்துகிறோம்.' படம் என் நாத்தனார் பெல்சியின் கல்யாணத்தில் எடுத்தது. கழுத்தில் கிடப்பது இரவல் நெக்லஸ். அந்த மூன்றாம் இடமும் இரவல்தான் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாது. ஓடியது என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் லூர்து பிரகாஷ். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். ஐம்பதை நெருங்கியும் வயிறு ஒட்டிக் கிடக்கும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊரில் பாதிப் பேருக்கு விரலில் குத்திச் சுகர் பார்த்து, வாயைக் கட்டத் தெரியாதா என்று திட்டி அனுப்புகிறவள். போன வருஷம் எனக்கே சுகர் என்று வந்தது. வெட்கக்கேடு. மாத்திரையைக்கூட வேறு ஊர் மருந்துக்கடையில் போய் வாங்கினேன்.

அப்புறம் நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமானது. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள தெருவில் ஓட எனக்குக் கூச்சம். நாற்பத்தாறு வயசுப் பொம்பளை சுடிதாருக்கு மேலே புருஷன் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தங்கு தங்கென்று ஓடினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் சும்மா இருப்பானா? அதனால் எங்கள் ஊர் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் தெருக்களாகப் பார்த்து ஓடுவேன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கிற வீடுகள். உள்ளே ஆள் கிடையாது. யாராவது சைக்கிளில் வந்தால் சட்டென்று நடக்கத் தொடங்கிவிடுவேன், பால் வாங்கப் போகிறவளைப்போல.

இவர்தான் சென்னை ஓட்டத்துக்கு ரெண்டு பேர் பெயரையும் கொடுத்தார். இருபத்தோரு கிலோமீட்டர். "முடியலைன்னா கடைசியில ஒரு வண்டி வரும். கூச்சப்படாம ஏறிக்க" என்றார். ஓடுவதற்கு முன்னாலேயே என்னை வண்டியில் ஏற்றிவிட்டார், பாருங்கள்.

சென்னையில் அவருடைய சித்தப்பா மகன் வீட்டில் தங்கினோம். ஓட்டம் நடத்துகிறவர்கள் கொடுத்த டி-ஷர்ட் ரெண்டும் ஒரே நிறம். சைஸும் ஒன்றே. எனக்கும் அவருக்கும் ஒரே அளவு என்பதும் ஒரு வெட்கம்தான், விடுங்கள். சாயங்காலமே உட்கார்ந்து எண் அட்டைகளை ஊக்கு வைத்துக் குத்திவைத்தார். பேர் கிடையாது, எண் மட்டும்தான், அதுவும் அடுத்தடுத்த எண்கள். அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சிப்தான் நேரத்தைக் கணக்குப் பண்ணுமாம். விடியுமுன் கிளம்பும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. விளக்கைப் போடாமல் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன், மற்றதை நான் மாட்டிக்கொண்டேன். மாறிப்போனது அங்கேதான். அவர் முன்வரிசைக்குப் போய்விட்டார், நான் கடைசிக்குப் போனேன். ரெண்டு பேருமே குனிந்து நெஞ்சைப் பார்க்கவில்லை.

நான் ஓடிய ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை. பாதிவரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் முழங்கால் விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கடற்கரைச் சாலையில் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்த மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் சாலையை மறித்த கயிற்றை அவிழ்த்துவிட, டவுன் பஸ் ஒன்று என் தோளை உரசுகிற மாதிரிப் போனது. அந்த வண்டியும் வந்தது. ஓரமாக, என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஜன்னலில் தலையை நீட்டி ஒரு பையன் "ஏறிக்கோங்க ஆன்ட்டி, பரவாயில்ல" என்றான். உள்ளே ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏறியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஓடினேன் என்றால், காலை இழுத்து இழுத்து வைத்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

இவரைத் தேடினேன். பொங்கல் வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "முடிச்சுட்டேங்க" என்றேன், மூச்சு வாங்க. "வா வா, பொங்கல் ஆறிரும்" என்றார்.

சாயங்காலம் பல்லவன் ரயிலில் ஊருக்குத் திரும்பும்போது, செங்கல்பட்டு தாண்டியதும் என் போனுக்குச் செய்தி வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றாம் இடம். அடக் கடவுளே, ஒரு நிமிஷம் நான் நம்பிவிட்டேன்! என் வயசுப் பெண்கள் எல்லாரும் அந்த வண்டியில் ஏறிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கீழே நேரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம். இவர் போனை வாங்கிப் பார்த்தார், பையிலிருந்து டி-ஷர்ட்டுகளை எடுத்து எண்ணைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு திருச்சிவரைகூடத் தாங்கவில்லை. என் எண்ணை வைத்து வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்த பெல்சி, கோவில் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் போட்டுவிட்டாள். நாங்கள் பார்க்கும்போது கைகூப்பும் படமும் ரோஜாப்பூவுமாக வந்து குவிந்து கிடந்தது.

"இப்பவே சொல்லிருவோம்" என்றேன்.

"விடு மெர்சி. ரெண்டு நாளு பேசிட்டு மறந்துருவாக. நம்பர மாத்திப் போட்டுட்டோம்னு சொன்னா, பி.டி. சாருக்கு இதுகூடவா தெரியலன்னு என்னையத்தான் கேவலமாப் பேசுவாக."

"நாலாவதா வந்தவ பாவமில்லையா?" பட்டியலில் அவள் பெயரையும் பார்த்துவிட்டேன். தீபலட்சுமி என்று போட்டிருந்தது.

"யாரோ மெட்ராஸ்காரி. அவளுக்கென்ன, அடுத்த வருஷம் ஓடிக்கிருவா."

எனக்கு வாய் பெரிது என்று ஊரே சொல்லும். அந்த வாய் அன்று என்னத்தைத் தின்றதோ, பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரெண்டு நாளில் மறக்கவில்லை. ஃப்ளெக்ஸ்தான் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்து போனில் எதையோ குத்திக்கொண்டிருந்தார். காரைக்குடியில் இவரோடு சேர்ந்து ஓடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் ரவிக்குமார் என்று ஒருவர், பேங்கில் வேலை. அவர் அன்றைக்கு முடிவுப் பட்டியலில் இவர் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார்.

"என்ன சார், போற வழியில படுத்துத் தூங்கிட்டீகளான்னு கேக்குறான். குரூப்புல அத்தன பேரும் சிரிக்கிறானுக. அதான் ஓட்டம் நடத்துனவகளுக்கு மெயில் போட்டுட்டேன், நம்பர் மாறிப்போச்சுன்னு."

"அன்னைக்குச் சொன்னதுக்கு வேணாம்னீக?"

"என் பேருல மூணு மணி இருபத்தொரு நிமிஷம்னு கெடக்கு மெர்சி! பாக்கவே அசிங்கமா இருக்குல்ல?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த மூணு மணி இருபத்தொரு நிமிஷம் நான் ஓடியது. எட்டு மாசம் பூட்டிய வீடுகளுக்கு நடுவில் ஒளிந்து ஒளிந்து ஓடிச் சேர்த்தது. அது தன் பெயரில் மூன்று நாள் கிடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. நான் அடுப்படிக்குப் போய் ஒரு கிலோ அவரைக்காயையும் நறுக்கித் தள்ளினேன். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு மெதுவாகவா ஓடினோம் என்று வெட்கம்தான் வந்தது.

மறுநாளே பதில் வந்தது. எண் மாறி ஓடியவர்களுக்கு விதிப்படி இடம் கிடையாதாம். ரெண்டு பெயரையும் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் இடம் தீபலட்சுமிக்குப் போனது. அதுமட்டும் எனக்கு நிம்மதி. இவர் தன் கைக்கடிகாரம் காட்டிய நேரத்தைப் படம் பிடித்துக் காரைக்குடி குரூப்பில் போட்டார். ரவிக்குமார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இவர் முகம் தெளிந்துவிட்டது.

"கோவில் குரூப்புலயும் போடுங்க" என்றேன்.

"அங்க எதுக்கு? பெல்சி ஆசையா ஃப்ளெக்ஸ் வச்சிருக்கா. ஞாயித்துக்கெழம பூசைக்குப் பெறகு ஒனக்குப் பொன்னாட போத்தப்போறாக. வாங்கிக்க. பெறகு மெதுவாச் சொல்லிக்கிருவோம்."

அவருக்கு எங்கே அசிங்கமோ அங்கே துடைத்துவிட்டார். என்னுடையது கரண்டு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்சிக்குப் போன் போட்டேன். "அது நானில்லடி" என்று தொடங்கினேன். "சும்மா தன்னடக்கம் பேசாதீக மதினி! நீல சேலையக் கட்டிட்டு வாங்க, அதுதான் ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நர்ஸுக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் பார்க்க வீட்டுக்கே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நீல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பூசை முழுவதும் ஒரு செபமும் வாயில் நிற்கவில்லை. பீடத்தில் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்கப் போகவும் மனசு வரவில்லை, பெஞ்சிலேயே முழந்தாளில் இருந்துவிட்டேன். இவர் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் உபகாரசாமி மைக்கில் என் பெயரைச் சொன்னார். பெல்சி தாம்பாளத்தில் பொன்னாடையோடு முன்னால் நின்றாள். நான் எழுந்து போனேன். சாமியார் பொன்னாடையை விரித்தார். என் முகத்துக்கு நேரே அந்தச் சரிகை வந்தபோது என் கையே போய்த் தடுத்தது.

"சாமி, ஒரு நிமிஷம்." மைக்கைப் பிடித்துக்கொண்டேன். "அது நான் ஓடுனது இல்ல. எங்க வீட்டுக்காரவுக ஓடுனது. இருட்டுல நம்பர் மாறிப்போச்சு. எங்க பேரு ரெண்டையும் எடுத்துட்டாக. நானும் ஓடுனேன். முடிச்சேன். மூணு மணி இருபத்தொரு நிமிஷம். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால வந்தேன்."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா அதட்டுவது கேட்டது. பெல்சியின் முகம் செத்துப்போனது. சாமியார் விரித்த பொன்னாடையைப் பிடித்தபடி நின்றார். பாவம், நல்ல மனுஷன், கையில் எடுத்ததை யாருக்காவது போட்டாக வேண்டும் அவருக்கு. ஆண்கள் பக்கத்தைப் பார்த்தார். "அப்போ ஓடுனது நம்ம பி.டி. சாரா! வாங்க சார், வாங்க" என்றார்.

கோவிலே கைதட்டியது. இவர் எழுந்து வந்தார். வேண்டாம் சாமி, மெர்சிக்கே போடுங்க என்று சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் லேசாக வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு கழுத்தைக் குனிந்து கொடுத்தார். எல்லாரும் தட்டுகிறார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? நானும் தட்டினேன். தட்டும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் கையை ஆளாளுக்குப் பிடித்துக் குலுக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்தார், பொன்னாடை தோளில் கிடக்க. குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளதச் சொன்னது சரிதான். அந்த நேரத்தையும் எதுக்குச் சொன்ன? அத யாரு கேட்டா?"

தலைக்கு மேலே ஃப்ளெக்ஸில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கினேன். ஒரு வாரம் கழித்தும் அவருக்கு அந்த நேரம்தான் உறுத்துகிறது.

"நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றேன். "நான் நடந்து வாரேன். நேரமாகும்."

அவர் போன பிறகு புறப்பட்டேன். பூட்டிய வீடுகளின் தெரு வழியாகப் போனால் ஒருவரையும் பார்க்காமல் வீடு போய்ச் சேரலாம். கால் பழக்கத்தில் அங்குட்டுத்தான் திரும்பியது. நின்றேன். பிறகு கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். நீல சேலையோடு, பட்டப்பகலில். சேவுகப்பெருமாள் டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள்.

"என்ன நர்ஸம்மா, மெட்ராஸ்ல மூணாவதா வந்தீகளாமுல்ல?" என்றார் சேவுகப்பெருமாள், டீயை ஆற்றிக்கொண்டே.

"இல்லண்ணே. அது எங்க வீட்டுக்காரவுக. நான் மூணு மணி இருபத்தொரு நிமிஷம்."

ஆற்றுகிற கை நின்றது. "மூணு மணி நேரமா? அம்புட்டு நேரமுமா ஓடுனீக?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முகம் எரிந்தது.

"ஆமாண்ணே" என்றேன். "பின்னாலயே வண்டி வந்துச்சு. ஏறல."