குதிரையின் முப்பத்தெட்டாவது ஓவர்

டெஸ்டின் முதல் நாளே கூட்டாளிக்குத் தொடைத்தசை கிழிந்ததால், குதிரை என்று அணியினர் கூப்பிடும் வேகப்பந்து வீச்சாளன் அவன் பங்கையும் சேர்த்து வீசினான். கூட்டாளிக்குப் பதில் வந்தவனும் வேகப்பந்து வீச்சாளன்தான். ஆனால் மாற்று ஆள் ஃபீல்டிங் மட்டுமே செய்யலாம் என்பது விதி.

இரண்டாம் நாள், தன் முப்பத்தெட்டாவது ஓவருக்குக் குதிரை முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பதிலுக்கு வந்தவன் பந்தைக் கொடுத்தான்.

"காயம்பட்டா மாத்து ஆளையும் வீச விட்டா என்ன மச்சான், குடியா முழுகிடும்?"

"விட்டிருந்தா எனக்கு நேத்தே இடுப்பு புடிச்சிருக்கும்டா."

"பொய்யாவா?"

"அது எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றான் குதிரை.

அலுப்போடு திரும்பி, ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்தான். அன்றைய ஆட்டம் முடிவதற்குள் இன்னும் ஏழு ஓவர் வீசினான். விக்கெட் ஒன்றும் விழவில்லை.