நூல் போன பக்கம்

காற்று நிரப்பிய பையின் வாயைக் கருவியின் குழாயில் செருகி, எண் நிற்கும்வரை காத்திருந்தேன். கார்பன் மோனாக்சைடு ஆறு. முந்தாநாள் சுரங்கத்தில் அதே சுவருக்குப் பின்னாலிருந்து வந்த பையில் தொள்ளாயிரம். ஆக்சிஜனும் நாலு சதவீதத்திலிருந்து இருபதுக்கு ஏறியிருந்தது. நிலக்கரிக்குள் நாலு மாதமாகப் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு இரண்டே நாளில் மனம் திருந்தி அணைந்துவிடாது. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதே ஆறு.

பையில் காற்றைப் பிடித்து வந்தவர் என் அண்ணன். சீட்டில் அவர் கையெழுத்து, காலை ஒன்பது மணி. அந்த நேரம்தான் இடித்தது. நெருப்பு இருக்கும் பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்து, ஒரு குழாய் மட்டும் விட்டிருக்கிறார்கள். காலையில் காற்றழுத்தம் ஏறும்போது அந்தச் சுவர் மூச்சை உள்ளே இழுக்கும். மதியத்துக்குமேல் அழுத்தம் இறங்கும்போது வெளியே விடும். வெளியே விடும்போது பிடித்தால்தான் உள்ளே இருக்கும் காற்று கிடைக்கும். இல்லாவிட்டால் நாம் நடந்து போகும் பாதையின் காற்றையே பிடித்து வந்து அளந்துகொண்டிருப்போம். அதற்காகவே அண்ணன் குழாயின் வாயில் ஒரு வெள்ளை நூலைக் கட்டித் தொங்கவிடுவார். நூல் தன் பக்கம் பறந்தால் பிடிப்பார். குழாய்க்குள் போனால் அங்கேயே உட்கார்ந்து காத்திருப்பார். எந்தச் சுவரானாலும் பதினாறு வருடமாக அப்படித்தான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சுவருக்குப் பின்னால் சிக்கியிருக்கும் வெட்டு இயந்திரத்தின் மேலேயே அவருக்குக் கண். திங்கட்கிழமை சுவரை உடைக்கப் பதினோரு பேரின் பட்டியலைப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. புகையும் நெருப்புக்கு நல்ல காற்றைத் திறந்துவிட்டால் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆறு என்ற எண் கையில் இருந்தால் தெரியாதவர்போல இருக்கலாம், அவ்வளவுதான்.

அண்ணன் குளியலறை வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். குனிந்தாலே இருமல்.

"நூல் எந்தப் பக்கம் போச்சுண்ணா?"

"பாக்கல."

"நீங்களா பாக்காம இருப்பீங்க?"

அடுத்த மாதத்திலிருந்து மேலே, தொப்பி விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கு அறையில் வேலை, கீழே இறங்கவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறாராம். காலையிலேயே போய்ப் பிடித்து வா என்றதும் அவர்தானாம். எல்லாவற்றையும் பூட்ஸிடமே சொன்னார். பதினோரு பேர் உள்ளே போகப்போகிறார்கள் என்றேன்.

"உனக்கென்ன, ஜன்னல் ஓரமா உக்காந்து நம்பர் எழுதுற. என் நெஞ்சுக்குள்ள என்ன நம்பர்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு மேலே போய், 'அழுத்தம் ஏறும் நேரத்தில் எடுத்த காற்று மாதிரி, ஏற்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டியலைக் கிழித்தார்கள். விடிந்தால் வேறு இடத்தில் முதுகொடிய வேண்டியதாயிற்றே என்று அந்தப் பதினோரு பேரில் ஒருவர் சலித்துக்கொண்டதுதான் காதில் விழுந்தது. விளக்கு அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் புதுப் பையை என் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போனார். இருமல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. சீட்டில் மதியம் மூன்று மணி. பையின் கழுத்தில் கரியேறிய நூல் ஒன்று இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தது. குழாயிலிருந்து அவிழ்த்தே கொண்டுவந்துவிட்டார்.

நூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினேன். ஆயிரத்து நானூறு. நான் சொன்னது சரிதான். அதில் துளிகூடச் சந்தோஷம் இல்லை.

எண்ணை எழுதி முடித்து, நூலை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த நல்ல காற்றில் அது என் முகத்தை நோக்கிப் பறந்தது.