கண்ணாயியின் கட்டைவிரல் நகம்

விமானத்தின் வயிற்றுப்பக்க மூடியைக் கொல்லிமலையில் வைத்துச் செய்யலாம் என்று எங்கள் முதலாளிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பிசின் ஊறிய கார்பன் துணியைக் குளிரில் வைக்க வேண்டும். மலையில் குளிர் சும்மாவே கிடைக்கிறது. ஆகவே ஏசி தேவையில்லை. இதுதான் அவர் மூளை. திண்ணனூர் நாடு என்ற மலை ஊர்ப்பகுதியில் கொட்டகை போட்ட முதல் வாரமே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஈரம் பட்டால் துணி கெட்டுவிடுமாம். ஜன்னல்களை அடைத்து, ஈரத்தை உறிஞ்ச இரண்டு மெஷினும், அவை கக்கிய சூட்டுக்கு ஒரு ஏசியும் வாங்கினார்.

அங்கே நாங்கள் நான்கு பெண்கள். வெட்டிய துணியின் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத் துணியை அச்சின்மேல் படிய வைக்க வேண்டும். அதன்மேல் அடுத்தது. இருபத்து நான்கு துணி சேர்ந்து சூளையில் வெந்தால் ஒரு மூடி. ஒரு தாளை உரிக்காமல் விட்டால்கூட அந்த இடத்தில் துணியோடு துணி ஒட்டாது. மூடி வானத்தில் பிரிந்துவிடும்.

2004 தை மாதம் பெங்களூரிலிருந்து இன்ஜினீயர் சுதாகர் ஓர் இரும்புக் கையோடு வந்தார். இந்த வேலையை எளிமையாக்க வந்திருப்பதாகச் சொன்னார். எளிமையாக்க எட்டுப் பெட்டிகளும் மூன்று கம்ப்யூட்டர்களும் முந்நூறு பக்கப் புத்தகமும் தேவைப்பட்டன. பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும். கையே துணியைத் தூக்கும், இடுக்கியால் தாளின் மூலையைப் பிடித்து உரிக்கும், அச்சில் வைக்கும். அழுத்தினார். இடுக்கி காற்றைக் கிள்ளியது. திரும்பவும் கிள்ளியது. தாள் உரியாததைப் பார்த்த அதன் கேமரா சிவப்பு விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தியது. ஆறு நாள் இதே கூத்து. ஆறாம் நாள் மத்தியானம் சுதாகர் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்காமல் கண் கலங்க உட்கார்ந்திருந்தார்.

எங்கள் நால்வரில் கண்ணாயிக்கு மனசு கேட்கவில்லை. அவள் ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. யார் பசியோடு இருந்தாலும் தாங்கமாட்டாள். "பாவம் அம்சா, அந்த மனுசன் சோறுகூடத் திங்கலியே" என்றாள் என்னிடம்.

மிளகுக் கொத்து கிள்ளுவதற்காக எங்கள் மலைப்பெண்கள் வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்திருப்போம். மறுநாள் காலை சுதாகர் வருமுன் கண்ணாயி அந்த நகத்தால் ஒவ்வொரு தாளின் மூலையையும் நெம்பி, காது மாதிரி மடித்து வைத்தாள். நாங்களும் கூடச் சேர்ந்தோம். எட்டு மணிக்குப் பச்சைப் பட்டன். இடுக்கி அந்தக் காதைப் பிடித்து சர்ரென்று உரித்தது. சுதாகர் துள்ளிக் குதித்தார். கம்ப்யூட்டரில் தான் மாற்றிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்றார். நான்கு பேர் முன்னால் ஒரு மனிதரின் முகத்தைச் சுருங்க வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சிரித்துக்கொண்டு நின்றோம். அந்த மரியாதைதான் எங்களுக்கு வினையானது.

மூன்று மாதம் தினமும் விடிந்ததும் காது மடித்தோம். மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சுதாகர் அறிக்கை எழுதினார். கடைசி வரி: கைவேலைக்கு இனி ஆள் தேவையில்லை. சித்திரையோடு நாங்கள் நால்வரும் வீட்டுக்குப் போகலாம். எங்கள் பிழைப்பை எங்கள் நகத்தாலேயே கிள்ளி எறிந்திருக்கிறோம்.

"வியாழக்கெழம விமானக் கம்பெனியிலருந்து பாக்க வாராங்க. அன்னைக்கு ஒரு தாளையும் தொடப்படாது" என்றேன்.

"அவரு அவமானப்பட்டுப் போயிருவாரே" என்றாள் கண்ணாயி.

"வேல போயி நீ ஊட்டுல உக்காந்தா, அவரா வந்து உம்புள்ளயப் பாப்பாரு?"

வியாழக்கிழமை பரிசோதிக்க வந்தவர் வித்யாஸ்ரீ என்ற அம்மா. சுதாகர் பட்டனை அழுத்தினார். இடுக்கி காற்றைக் கிள்ளியது. ஆனால் மெஷின் நிற்கவில்லை. தப்பே செய்யாத மெஷினுக்குக் கண் எதற்கு என்று அந்தக் கேமராவையும் கழற்றி எளிமையாக்கியிருந்தார் மனிதர். இரும்புக் கை தாளோடு தாளாக இருபத்து நான்கு துணிகளையும் அடுக்கிவிட்டு, திரையில் 'வெற்றி' என்று போட்டது. முதலாளி கைதட்டினார்.

மெஷின் நிற்கும், இவர்கள் அசடு வழிவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மூடியோடு பறக்கப் போகிறவர்களை நினைக்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, அந்தக் குப்பைக்கூடையக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

கூடை காலி. "உரிச்ச தாள் இருபத்து நாலும் எங்கே?" என்று கேட்டார் வித்யாஸ்ரீ.

"இதுல கழிவே கிடையாதுங்க மேடம்" என்றார் முதலாளி பெருமையாக.

வித்யாஸ்ரீ அச்சிலிருந்து ஒரு துணியைத் தூக்கிப் பார்த்தார். "இத்தனை நாளா எப்படி உரிஞ்சது?" என்றார். கண்ணாயி தயங்கித் தயங்கிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மூடியைத் தொடுவது எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வித்யாஸ்ரீ போனார். எங்கள் வேலை தப்பியது. ஆனால் 'ஆள் இல்லாத ஆலை' என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதனால் சுதாகர் எங்களை ஆட்கள் பட்டியலில் எழுதவில்லை. கருவிகள் பட்டியலில் எழுதினார். துணியைத் தூக்கும் ரப்பர் உறிஞ்சிக்கும் ஸ்பேனருக்கும் நடுவில்: 'மூலை நெம்பி, நான்கு.' கையுறையில் கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டுத் தந்தார்கள். திங்கட்கிழமைதோறும் சுதாகர் அளவுகோலோடு வந்து நகத்தை அளப்பார். ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெட்டுவதென்றால் பெங்களூரில் அனுமதி வாங்க வேண்டும்.

கண்ணாயி கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டாள். குழந்தையின் கண்ணுக்குக் கீழே ஒரு கீறல். நகம் வெட்ட மனு எழுதிக் கொடுத்தாள். பதினோரு நாளாகியும் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வெட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை அளவுகோலை வைத்த சுதாகரின் முகம் செத்துவிட்டது. பழுதான கருவிக்குச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்க வேண்டும் என்பது அவரே எழுதிய விதி. அலமாரியிலிருந்து நூல் கோத்த அட்டை ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் விழித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாயி கையை நீட்டினாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "எங்கீங்க கட்டோணும்? வெரல்லயா, கழுத்துலயா?"

பக்கத்தில் நாங்கள் மூவரும் கையை நீட்டினோம். நான்கு நகமும் ஒட்ட வெட்டியிருந்தது. அவரிடம் அட்டை ஒன்றுதான் இருந்தது.