தங்கபாண்டி வேனுக்குப் புதுச் சைலன்சர்

தங்கபாண்டி வண்டிய நான் ஏசாத நாள் கெடையாது. கிழட்டு வேன். சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையாகி, புகையெல்லாம் உள்ளதான் வரும். என் வீட்டுக்காரர் தாணுவுக்கோ இழுப்பு. ஆஸ்பத்திரிக்குன்னு விதுரைக்கு இறங்குறதுக்குள்ள இருமி இருமிக் குடலே வெளிய வந்துரும். "எலே, வைத்தியத்துக்குப் போற மனுசனைப் புகை போட்டே கொன்னுருவ போலிருக்கே! மாத்தித் தொலைலே"ன்னு போன வாரமும் கத்தினேன்.

ஆனா போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்துல எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம்தான் கடிகாரம். இங்க போனுக்கு ரேஞ்சு கெடையாது. மேல் லயத்துல வண்டி அலறினா, பையத் தூக்கிட்டு ரோட்டுக்கு வருவோம். ஆள் நின்னா நிறுத்துவான், இல்லன்னா போயிருவான். ஹாரன் அடிக்கிற பழக்கமே அவனுக்குக் கெடையாது. அந்தச் சத்தத்துக்கு ஹாரன் வேறயா?

அன்னைக்கு விடியுறப்ப அவருக்கு இழுப்பு முத்திருச்சு. தகரத்துல மழை. அவரை நெஞ்சோட சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, காத மட்டும் ரோட்டுல வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு ஆளுகெல்லாம் எஸ்டேட்ட விட்டுப் போயாச்சு, வீடெல்லாம் பூட்டு, ஆளனுப்ப நாதியில்ல. "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்"னு அவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். வரல. நாசமாப் போறவன், இன்னைக்குன்னு பாத்து வண்டி எடுக்காம கெடக்கானேன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மத்தியானம் மழை விட்டப்புறம் வாசல்ல ஆள் நிழல். தங்கபாண்டிதான். மொகமெல்லாம் சிரிப்பு.

"ஆவுடக்கா, நேத்து கழக்கூட்டம் டவுன் ஒர்க்‌ஷாப்புல வண்டிய விட்டு சைலன்சர், பைப்பு எல்லாமே புதுசு போட்டுட்டேன். இனி அண்ணாச்சிக்குப் புகையே வராது, கேட்டியளா. காலைல போகையில ரோட்டுல ஒங்களக் காணல. சரி, அண்ணாச்சிக்குத் தேவல போலன்னு நெனச்சு..."

அப்பதான் உள்ள கெடந்தவரைப் பாத்தான். செருப்பக்கூடக் கழத்தாம உள்ள ஓடி வந்தான். அவனை எப்படி ஏச? மாத்தச் சொன்னவளே நான்தானே. ரெண்டு பேருமாத் தூக்கி வண்டிக்குள்ள படுக்க வச்சோம்.

வண்டி இறங்குச்சு. பாவி, நான் கேட்டபடியே செஞ்சிருந்தான். புகை இல்ல, சத்தமும் இல்ல. மடியில அவரு மூச்சு ஒண்ணொண்ணா வர்றது நல்லாக் கேட்டுச்சு. விதுரைக்கு முன்னால அது நின்னதும் கேட்டுச்சு.